செவிலியர் மாணவிகளின் மனத்திடத்துக்கு 360 பாகைக் காணொளி உதவுமா?

குன்னூர் நர்சிங் ஆசிரியை:
முதன்முறை ஒரு மரணத்தை நேரில் காணும் மாணவி உறைந்து நிற்பாளா, ஓடிவிடுவாளா என்பது அவளுக்கே தெரியாது. நோயாளியின் படுக்கையருகே அதைச் சோதித்துப் பார்ப்பது அறமும் ஆகாது. அப்படியொரு மரணக் காட்சியை நடிகர்களை வைத்துச் சுற்றிலும் எல்லாத் திசையும் தெரியும்படி எடுத்த 360 பாகைக் காணொளியை, விஆர் (மெய்நிகர்) கண்ணாடி வழியே காட்டினால், ஒருபுறம் திரும்பும்போது மானிட்டரும் மறுபுறம் அழும் மகளும் தெரிவார்கள்; தாங்க முடியாதவள் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டமும் சிமுலேஷன் (பாவனைச் சூழல்) பயிற்சிக்கு இடம் தருகிறது.

கூடலூர் வார்டு சிஸ்டர்:
கழற்றிவிடலாம் என்பதுதான் என் மறுப்பே, மேடம். யானை மிதித்தவரை நள்ளிரவில் தூக்கி வந்தபோது என்னால் எதையும் கழற்ற முடியவில்லை. அந்தக் காணொளியில் தலையைத் திருப்பலாமே தவிர, நோயாளியின் கையைப் பிடிக்க முடியாது. போகட்டும், எங்களை உடைப்பது மரணம் மட்டுமா? ஒருத்தியே இரண்டு வார்டுகளைப் பார்க்கும் இரவுப் பணியும்தான். ஆள் போடாமல் மனத்தைத் திடப்படுத்தச் சொல்வது, ஒழுகும் கூரையை மாற்றாமல் வீட்டுக்குள் குடை பிடிக்கப் பழக்குவதாகும்.

குன்னூர் நர்சிங் ஆசிரியை:
ஆள் பற்றாக்குறையை நான் மறுக்கவில்லை, சிஸ்டர். ஆனால் கையால் செய்ய ஒன்றும் இல்லாதபோதுதான் தன் நெஞ்சு படபடப்பதையும் கை வியர்ப்பதையும் மாணவி கவனிக்கிறாள். காணொளி ஐந்து நிமிடம் என்றால், பிறகு வட்டமாக அமர்ந்து "என்ன செய்திருக்க வேண்டும்" என்பதற்கு முன் "உனக்குள் என்ன நடந்தது" என்று கேட்பதற்கு அரைமணி நேரமாவது வேண்டும்.

உதகை மூன்றாம் ஆண்டு மாணவி:
மேடம், எங்களுக்கு அந்த அரைமணி நேரம் கிடைக்கவில்லை. நகர்வதாகக் கண் சொல்ல, நகரவில்லை என்று உள்காது சொல்வதால், கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கியதுபோல் எனக்குக் குமட்டியது. அழுதுகொண்டே கண்ணாடியைக் கழற்றினேன். "அடுத்த பேட்ச்" என்றார்கள். காணொளியில் வந்தது ஏதோ பெருநகரத்துக் குடும்பம். அரிவாள் அணுச் சோகை (சிக்கிள் செல்) என்ற பரம்பரை ரத்த நோயின் வலியால் துடிக்கும் பேத்தியின் அருகே, ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருக்கும் பணியர் பழங்குடிப் பாட்டியிடம் எப்படி நிற்பது என்பதை, வார்டில் ஒரு சிஸ்டர் பேசாமல் நின்றதைப் பார்த்தே கற்றேன்.

கூடலூர் வார்டு சிஸ்டர்:
தங்கை சொல்வதைக் கேட்ட பிறகு ஒன்று தோன்றுகிறது. எடுப்பதானால் இங்கேயே, நோயாளிகளைப் படம்பிடிக்காமல், நம் ஆட்களை நடிக்க வைத்து எடுங்கள். இரவுப் பணியில் தனியாக நிற்கும் செவிலியின் கண்ணுயரத்தில் கேமரா இருக்கட்டும். மாணவிகளுக்கு முன்பாக, டூட்டி பட்டியல் போடுகிறவர்களுக்கு அந்தக் கண்ணாடியை மாட்டிவிடுங்கள். அவர்கள் பாதியில் கழற்றாமல் பார்த்துக்கொள்ள நானே பக்கத்தில் நிற்கிறேன்.