‘டு’ எங்கே, ‘ஃபோர்’ எங்கே?

துவாரகா: சின்னம்மா, சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதிப் பழகுகிறேன். விதைநெல் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனேன் என்பதை ‘ஐ வென்ட் டு கிளிநொச்சி டு பை சீட் பேடி’ என்று எழுதுவதா, ‘ஃபோர் பையிங்’ என்று எழுதுவதா?

சின்னம்மா: ‘டு பை’ என்பதே சரி, பிள்ளை. ஒருவர் என்ன எண்ணத்தோடு ஒரு காரியத்தைச் செய்கிறார் என்று சொல்லும்போது ‘டு’ போட்டு, அதன் பின் வினையை ‘இங்’ சேர்க்காமல் அப்படியே எழுத வேண்டும். ‘வாங்குவதற்காக’ என்று நாங்கள் எழுதிப் பழகியதால்தான் ‘ஃபோர்’ கையில் வந்துவிடுகிறது. ‘வாங்கப் போனேன்’ என்று மனதில் சொல்லிப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. ‘ஃபோர் சீட் பேடி’ என்று பெயர்ச்சொல்லை மட்டும் வைத்தாலும் பிழையில்லை.

கோபி அண்ணா: ஆனால் எங்கள் தண்ணீர்ப் பம்பியோடு வந்த புத்தகத்தில் ‘ஃபோர் பம்பிங் வாட்டர்’ என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள், சின்னம்மா.

சின்னம்மா: அதுவும் சரிதான், தம்பி, ஏனென்றால் அங்கே பேசப்படுவது ஆளின் எண்ணம் அல்ல, பொருளின் பயன். மீன் வெட்டும் கத்தியை ‘எ நைஃப் ஃபோர் கட்டிங் ஃபிஷ்’ என்போம். அந்தக் கத்தியை அம்மா இன்று மீன் வெட்ட எடுத்தார் என்றால், அது அவருடைய நோக்கம் ஆகிவிடுவதால், ‘ஷீ டுக் த நைஃப் டு கட் த ஃபிஷ்’ என்றே எழுத வேண்டும். ‘யூஸ்ட்’ என்ற சொல்லோடு பயனைச் சொல்லும்போதோ ‘யூஸ்ட் ஃபோர் கட்டிங்’, ‘யூஸ்ட் டு கட்’ ஆகிய இரண்டையும் ஏற்றுக்கொள்வார்கள்.

துவாரகா: ‘ஸ்டாப்’ வரும் இடத்திலும் இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேனே?

சின்னம்மா: நல்ல கேள்வி. அங்கே பொருளே மாறிவிடும் என்பதால் நான் வகுப்பில் அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவேன். ‘த டிரைவர் ஸ்டாப்ட் அட் மாங்குளம் டு டிரிங்க் டீ’ என்றால், சாரதி தேநீர் குடிக்க மாங்குளத்தில் பேருந்தை நிறுத்தினார். ‘த டிரைவர் ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ’ என்றாலோ, அவர் தேநீர் குடிப்பதையே விட்டுவிட்டார். முதலாவதில் ‘டு டிரிங்க்’ நிறுத்தியதன் நோக்கத்தைச் சொல்கிறது. இரண்டாவதில் ‘டிரிங்கிங்’ எது நின்றது என்பதைச் சொல்கிறது, நோக்கம் அதில் இல்லவே இல்லை. பரீட்சையில் இதைத் துருவிக் கேட்பார்கள், கவனமாக இரு.

பெரியப்பா: தங்கச்சி, மகன் வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதுகிறான். தொடக்கத்தில் ‘ஐ ஆம் ரைட்டிங் டு அப்ளை’ என்றும், முடிவில் ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்றும் போட்டிருக்கிறான். சரியா?

சின்னம்மா: தொடக்கம் மிகச் சரி, அண்ணா, கடிதத்தின் நோக்கத்தையே அது சொல்கிறது. முடிவில் மட்டும் ‘ஹியரிங்’ என்று மாற்றச் சொல்லுங்கள். ‘லுக் ஃபோர்வர்ட் டு’ என்பதில் உள்ள ‘டு’ நோக்கத்தைக் குறிப்பதல்ல. அது அந்தத் தொடரோடு ஒட்டி நிற்பதால், பின்னால் பெயர்ச்சொல்லோ ‘இங்’ வடிவமோதான் வரும். திருத்திய கடிதத்தை அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டச் சொல்லுங்கள், இன்றிரவே பார்த்துத் தருகிறேன்.