ஒரே சிப், மூன்று எண்: டைமர் அதிர்வெண் உங்களைப் படுத்தியதுண்டா?

டிக்டிக்மணி:
பிசி ஸ்பீக்கர் டிரைவரை (பீப் ஒலியை இயக்கும் நிரல்) பிசி அல்லாத ஒரு போர்டில் ஓட்டும் வேலை. அதில் 8254 என்ற டைமர் சிப் (பிஐடி என்பதும் இதுதான்) உண்டு, ஆனால் கெர்னலின் டிக், அதாவது இயங்குதள மையத்தின் சீரான நேரத் துடிப்பு, வருவது வேறொரு வேகமான டைமரிலிருந்து. 1000 ஹெர்ட்ஸ் பீப் கேட்டால் தவளை மாதிரி கரகரவென்று வந்தது! டிரைவர் நம்பியிருந்தது டைமர் அதிர்வெண்ணுக்கான கிளாக்_டிக்_ரேட் என்ற மாறிலியை. அந்தப் போர்டில் அந்தப் பெயர் குறித்ததோ டிக் டைமரை. 8254-க்கே உரிய பிஐடி_டிக்_ரேட் என்று மாற்றியதும் சத்தம் சரியானது. அப்புறம் கிரெப் (கோப்புகளில் சொல் தேடும் கருவி) போட்டுப் பார்த்ததுதான் இன்னும் உறுத்துகிறது: அதே 8254-இன் அதிர்வெண்ணுக்கு மூன்று எண்கள். ஒரு கோப்பில் 1193180, இன்னொன்றில் 1193182, எங்கள் பழைய மூலநிரலில் யாரோ ஹெக்ஸில் எழுதிய 1234டிடி, அதாவது 1193181.

நள்ளிரவு_லாக்:
2 ஹெர்ட்ஸுக்கா இவ்வளவு? நாளுக்கு 0.15 விநாடிகூட வராது. சிப்புக்குத் துடிப்பு தரும் குவார்ட்ஸ் கிறிஸ்டலே அதைவிட அதிகமாகத் தப்பும். வகுத்தலில் வரும் மீதிதான் தலைவலி. லினக்ஸ் 2.6-ல் எச்இசட் (விநாடிக்கு எத்தனை டிக்) 1000 ஆனது. 1193182-ஐ 1000-ஆல் வகுத்தால் 1193.182, சிப்பில் ஏறுவதோ முழு எண் 1193. டிக் கொஞ்சம் முந்தி வரும். கெர்னல் தன் கணக்கில் இதைச் சரிக்கட்டிக்கொள்ளும். நாங்கள் வாங்கிய லாகர் (நிகழ்வுகளை நேரத்தோடு பதியும் நிரல்) ஒவ்வொரு டிக்கையும் 1 மில்லி விநாடி என்றே எண்ணியது. நாளுக்கு 13 விநாடி முந்தல். லாகரில் மறுநாள் பிறந்துவிட்டது, சர்வரில் இன்னும் நேற்று.

பழைய486:
லாக் சார், அளவு சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணி சொல்வது பெயர் குழப்பத்தை, நீங்கள் வேறெங்கோ போய்விட்டீர்கள். எனக்கு நடந்தது சின்ன விஷயம்: ஒரு கருவி சிபியு பயன்பாட்டைப் பத்தில் ஒரு பங்காகக் காட்டியது. கெர்னல் எச்இசட் 1000 என்பதால் பிராக் கோப்பிலும் (கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் இடம்) அதே அலகு என்று எழுதிவைத்திருந்தார்கள். எக்ஸ்86-ல் (வழக்கமான பிசி சிபியு வகை) உள்ளே 250 இருந்தாலும் 1000 இருந்தாலும் வெளியே தெரிவது 100. ஆகவே பயனர் நிரலில் எண்ணைக் கையால் எழுதாதீர்கள், கணினியின் அமைப்பு மதிப்புகளைச் சொல்லும் சிஸ்கான்ஃப் செயற்கூறிடம் கேளுங்கள். டிரைவரில் கெர்னலின் ஹெடர் கோப்பில் வரையறுத்துள்ளதை மட்டும் எடுங்கள். ஏசிபிஐ டைமரின் (பிசியில் உள்ள இன்னொரு டைமர்) 3579545 ஹெர்ட்ஸையும் தனி எண்ணாக நினைக்காதீர்கள். 1981 ஐபிஎம் பிசியின் 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல்தான் மூலம். நான்கால் வகுத்தால் இந்த 3579545, அதுவே என்டிஎஸ்சி டிவி முறையின் நிற அலை. மூன்றால் வகுத்தால் அன்றைய சிபியுவின் 4.77 மெகாஹெர்ட்ஸ். பன்னிரண்டால் வகுத்தால் நம் பிஐடி.

டிக்டிக்மணி:
அட, அப்படியானால் புதிர் அவிழ்ந்தது. 14318180-ஐ 12-ஆல் வகுத்தால் 1193181.67. பின்னத்தை வெட்டியவருக்குக் கடைசியில் 81, முழுமையாக்கியவருக்கு 82. 1.19318 மெகா என்று சுருக்கியதைத் திரும்ப விரித்தவருக்கு 80.