பைக்காராவில் ஓடும் பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு எந்த அளவு ப்ரொப்பெல்லர் வாங்கலாம்?

கேள்வி (உதகையிலிருந்து):
பைக்காரா நீர்த்தேக்கத்தில் மீட்புப் பணிக்காக நாங்கள் வைத்திருக்கும் ஃபைபர் படகில், தூத்துக்குடியிலிருந்து வாங்கி வந்த 40 குதிரைத்திறன் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் உள்ளது. அங்கே ஐந்து பேருடன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5,200 சுற்றுகள் எடுத்ததாக விற்றவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இங்கே அதே படகு, அதே ஆள் கணக்கு. ஆனால் 4,200-ஐத் தாண்டவில்லை. கையேட்டின்படி 4,500 முதல் 5,500 வரை எடுக்க வேண்டும். ப்ரொப்பெல்லரில் 11 × 13 (அங்குலத்தில் விட்டம் × பிட்ச்) என்று பொறித்திருக்கிறது. ஓர் இலையின் நுனி மடங்கியிருப்பதால் எப்படியும் புதிது வாங்கியாக வேண்டும். அதே அளவில் வாங்குவதா, பிட்சைக் குறைப்பதா? அலுமினியமா, ஸ்டீலா?

பதில் 1 (கொடைக்கானலிலிருந்து):
பிட்சைக் குறையுங்கள், ஐயா. 13 என்பது, வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றில் படகு முன்னேறக்கூடிய தூரம் 13 அங்குலம் என்பதைக் குறிக்கும். ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்றுகள் கூடும். நான் 10 அங்குலப் பிட்ச் வாங்குவேன். வாங்கும்முன் ப்ரொப்பெல்லர் மாட்டும் தண்டின் பற்களை எண்ணிக்கொள்ளுங்கள். அளவு சரியாக இருந்தும் பற்கள் பொருந்தாமல் போவதுண்டு. அலுமினியமே போதும். பாறையில் மோதினால் அதன் இலை வளைந்து அடியைத் தாங்கிக்கொள்ளும். ஸ்டீல் இலை வளையாமல் அந்த அடியை கியருக்கு அனுப்பிவிடும். பழைய மோட்டாருக்கு கியர் கிடைப்பது எளிதல்ல.

பதில் 2 (கோத்தகிரியிலிருந்து):
அலுமினியம் பற்றி மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் 10 அங்குலத்தை இப்போதே வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் வந்துவிட்ட மோட்டார், காற்றின் அடர்த்தி குறைவதால் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. ஆனால் ப்ரொப்பெல்லர் இழுக்கும் திறன் சுற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், திறன் 20 விழுக்காடு குறைந்தால் சுற்று வேகம் 7 விழுக்காடு அளவில்தான் குறைய வேண்டும். உங்கள் 5,200 சுமார் 4,800 ஆகியிருந்தால் அதை மலையின் கணக்கில் எழுதலாம். 4,200 ஆகியிருப்பதற்கு வேறொரு காரணமும் சேர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது கார்புரேட்டராக இருக்கும். தூத்துக்குடிக் காற்றுக்குப் பொருத்திய ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள பாகம்), இங்குள்ள மெல்லிய காற்றில் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி கருத்து ஈரமாக இருந்தால் ஐயமே வேண்டாம்.

கையேட்டில் உயரத்துக்கு ஏற்ற ஜெட் அட்டவணை இருந்தால் அதன்படி மாற்றி, கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்துவிட்டு, அதே ஐந்து பேருடன் மீண்டும் ஓட்டுங்கள். மடங்கிய இலை சுற்று அளவீட்டைக் கெடுக்கும் என்பதால், இயன்றால் அதே அளவுள்ள நல்ல ப்ரொப்பெல்லரை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அப்போது 4,700 வந்தால் 11 அங்குலப் பிட்ச் உங்களை 5,000-க்கு மேலே கொண்டுபோய்விடும். மீட்புப் படகில் ஆட்கள் கூடுவார்களே தவிரக் குறையமாட்டார்கள். ஆகவே வரம்பின் மேற்பாதியில் நிற்பதுதான் நல்லது.

கேட்டவர்:
பிளக் கருப்பாகத்தான் இருக்கிறது, ஐயா. ப்ரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்குவதும் காரணமாக இருக்கலாமா?

பதில் 2:
இருக்காது. ரப்பர் வழுக்கினால் மோட்டார் இரைந்து சுற்று ஏறும், படகு மட்டும் நகராது. உங்களுடையது நேர் எதிர். ஜெட்டை மாற்றியவுடன் பழைய ஜெட்டை ஒரு பையில் போட்டு மோட்டாரிலேயே கட்டி வையுங்கள். மோட்டார் என்றாவது கடற்கரைக்குத் திரும்பினால், சிறிய ஜெட்டுடன் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் உருகும். அங்கே பிட்ச் குறைந்த ப்ரொப்பெல்லரும் மோட்டாரை வரம்புக்கு மேல் சுழலவிடும்; எனவே 13 அங்குலத்தின் இலையை நிமிர்த்தி, அதையும் உடன் வைத்திருங்கள்.