விளம்பரத்தின் கன்வெர்ஷன் (கிளிக் செய்தவர் வாங்கியது) எண்ணிக்கை உதைக்கிறதா? கோளாறு எங்கே என்று பிடித்த விதங்களை இங்கே போடுங்கள்

டேக்கில் (பக்கத்திலிருந்து கன்வெர்ஷனைத் தெரிவிக்கும் சிறு கோட்) கை வைக்கும் முன், எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். கூகுள் ஆட்ஸ், விளம்பரத்தைக் கிளிக் செய்த நாளில் கன்வெர்ஷனை வரவு வைக்கும். ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ்), பொருள் வாங்கிய நாளில் வைக்கும். 1ஆம் தேதி கிளிக் செய்தவர் 9ஆம் தேதி வாங்கினால் ஆட்ஸில் அது 1ஆம் தேதிக் கணக்கு. அதனால் நேற்றைய ரிப்போர்ட் எப்போதும் கொஞ்சம் இளைத்தே தெரியும். 'கன்வெர்ஷன் நேரப்படி' என்ற நெடுவரிசை ஆட்ஸிலேயே உண்டு, அதைச் சேர்த்துப் பாருங்கள். கிளிக்குக்கான கன்வெர்ஷன் விண்டோ (கிளிக்குக்குப் பிறகு எத்தனை நாளுக்குள் வாங்கினால் கணக்கு) தானாக 30 நாளில் இருக்கும், 90 வரை நீட்டலாம். மாதக்கணக்கில் யோசித்து வாங்கும் பொருளுக்கு 7 நாள் வைத்துவிட்டு டேக்கைத் திட்டிப் பயனில்லை.

———

ஒப்பீடு சரி, ஆனாலும் குறைகிறது என்றால் ஒரே ஒரு கிளிக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கூடவே போங்க. ஆட் பிளாக்கரை அணைச்சுட்டு, லேண்டிங் பக்க (கிளிக் செய்தவர் முதலில் வந்து சேரும் பக்கம்) முகவரியின் வாலில் கேள்விக்குறி போட்டு ஜிசிஎல்ஐடி=டெஸ்ட்123 என்று ஆங்கில எழுத்தில் ஒட்டித் திறங்க (ஜிசிஎல்ஐடி என்பது கூகுள் ஒவ்வொரு விளம்பரக் கிளிக்குக்கும் ஒட்டும் ஐடி).

பக்கம் திறந்து முடிந்ததும் அந்த வால் இருக்கா? காணோம்னா வழியில் ஏதோ ரீடைரெக்ட் தின்னுடுச்சு. எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்-க்கு மாற்றும் விதியோ, மொழி பார்த்துப் பக்கம் மாற்றும் பிளக்இன்னோ இருக்கும். டேக் ஓடுவதற்கு முன்னாடியே போயிடுறதால அதுக்கப்புறம் எதைத் திருத்தினாலும் கதைக்காகாது.

வால் இருந்தா, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸ் - அப்ளிகேஷன் - குக்கீஸ். _ஜிசிஎல்_ஏடபிள்யூ என்ற குக்கீ (கிளிக் ஐடியைப் பிரவுசரில் சேமித்து வைப்பது) இருக்கணும், அதன் மதிப்பின் கடைசியில் நீங்க போட்ட டெஸ்ட்123 தெரியணும். இல்லையா? பெரும்பாலும், அந்தக் குக்கீயை வைக்கும் கன்வெர்ஷன் லிங்கர் டேக்கை நன்றிப் பக்கத்துக்கு (ஆர்டர் முடிந்ததும் வரும் பக்கம்) மட்டும் வைச்சிருப்பாங்க. அது எல்லாப் பக்கத்திலும் ஓடணும்.

அப்புறம் நெட்வொர்க் தாவலில் 'ப்ரிசர்வ் லாக்'கை டிக் செய்துட்டு ஒரு ஆர்டர் போடுங்க. நன்றிப் பக்கத்தில் கன்வெர்ஷன் கோரிக்கை எத்தனை தடவை போகுது, லேபிள் (கன்வெர்ஷனின் அடையாளக் குறியீடு) ஆட்ஸ் கணக்கில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கா, மதிப்பு சரியா என்று பாருங்க. மதிப்பை 1,250.00 என்று கமாவோடு அனுப்புவது ரொம்பச் சாதாரணமான தப்பு. 1250.00 என்று எண்ணாகவே போகணும்.

போலி ஐடி என்பதால் இந்த ஆர்டர் ஆட்ஸ் ரிப்போர்ட்டில் வராது. அதைத் தேடி உட்கார்ந்திருக்காதீங்க.

———

மேலே சொன்ன நண்பர் நன்றிப் பக்கம் திறக்கும் என்று நம்பிப் பேசுகிறார். பணம் கட்ட வங்கி ஆப்புக்குத் தாவுகிறவர் பலர் திரும்பி வருவதே இல்லை. பணம் வந்துவிடும், பக்கம் திறக்காது, டேக்கும் ஓடாது. ஆர்டர் பட்டியலோடு ஒப்பிடும்போது ஒரு குறிப்பிட்ட பேமென்ட் முறையில் மட்டும் கன்வெர்ஷன் குறைந்தால் காரணம் இதுதான். அந்த ஆர்டர்களைச் சர்வரிலிருந்து அனுப்புவதே வழி.

கூடுதலாக வந்தால் வேறு காரணம். நன்றிப் பக்கத்தை ரீலோட் செய்யும்போதெல்லாம் இன்னொரு கன்வெர்ஷன் விழும். டிரான்சாக்ஷன் ஐடியில் ஆர்டர் எண்ணை அனுப்பினால் இரண்டாவது கழிக்கப்படும். அந்த இடத்தில் மாதிரிக் கோடில் இருந்த நிலையான சொல்லை அப்படியே விட்டுவிட்டால் விபரீதம்: எல்லா ஆர்டருக்கும் ஒரே ஐடி, முதலாவது தவிர எல்லாம் நகல் என்று தள்ளப்படும்.

சரியாக இரண்டு மடங்கு வந்தால், டேக் ஒரே முறைதான் ஓடுகிறது என்று உறுதிசெய்துவிட்டு ஆட்ஸ் அமைப்பைப் பாருங்கள். ஜிஏ4-இல் இருந்து இறக்கிய பர்சேஸும் ஆட்ஸின் சொந்தப் பர்சேஸும் இரண்டுமே 'பிரைமரி'யாக (கன்வெர்ஷன் எண்ணிக்கையில் சேர்வதாக) இருக்கக்கூடும். ஒன்றை 'செகண்டரி' ஆக்குங்கள்.

———

மெட்டா விளம்பரங்கள் பக்கம்: பிக்சலும் (பிரவுசரிலிருந்து அனுப்புவது) கன்வெர்ஷன்ஸ் ஏபிஐயும் (சர்வரிலிருந்து அனுப்புவது) சேர்ந்து ஓடினால் இவென்ட் பெயர், இவென்ட் ஐடி இரண்டும் ஒத்திருந்து, 48 மணி நேரத்துக்குள் வந்தால்தான் ஒன்றாகக் கழியும். பிரவுசர் ஒரு ரேண்டம் எண், சர்வர் இன்னொரு ரேண்டம் எண் என்றால் எப்படிக் கழியும்? ஆர்டர் எண்ணையே இரண்டிலும் வையுங்கள்.

வாங்கியவரை அடையாளம் காண அனுப்பும் ஈமெயிலின் முன்பின் இடைவெளியை நீக்கி, சிறிய எழுத்தாக்கி, பிறகுதான் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (திருப்ப முடியாத குறியீடாக மாற்றுவது). லாகில் ஈமெயில் ஹாஷ் எல்லாமே ஈ3பி0சி442 என்று தொடங்கினால் சிரிக்கலாம், அது வெற்றுச் சரத்தின் ஹாஷ். ஃபார்மிலிருந்து ஈமெயிலே வரவில்லை என்று பொருள். போன் எண்ணில் மெட்டாவுக்கு நாட்டுக் குறியீடு வேண்டும், கூட்டல் குறி வேண்டாம்; கூகுளுக்குக் கூட்டல் குறியும் வேண்டும்.

———

சஃபாரியில் மட்டும் குறைகிறது என்றால் கோளாறு உங்களுடையதல்ல. ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீயை அது அதிகபட்சம் 7 நாளில் அழித்துவிடும். குக்கீக்கு அனுமதி கேட்கும் சம்மதப் பட்டை உள்ள தளங்களில், கூகுளுக்குப் போகும் கோரிக்கையில் உள்ள ஜிசிஎஸ் (சம்மத நிலை) மதிப்பைப் பாருங்கள்: ஜி111 என்றால் விளம்பரக் குக்கீ, அனலிட்டிக்ஸ் குக்கீ இரண்டுக்கும் அனுமதி, ஜி100 என்றால் இரண்டும் மறுப்பு. சம்மதம் கொடுத்த பிறகும் ஜி100 என்றே போனால், சம்மதம் மாறியதை டேக்குக்குச் சொல்லும் 'அப்டேட்' அழைப்பு போகவில்லை.

———

டேக் மேனேஜரில் (டேக்குகளை நிர்வகிக்கும் கூகுள் கருவி) 'பப்ளிஷ்' அழுத்தியாச்சா? ப்ரிவியூவில் டேக் ஓடுவது உங்க பிரவுசருக்கு மட்டும்தான்.