அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே வேன் அமர்த்தினால் எந்த விதி பொருந்தும்?

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், சென்னை

வணக்கம். அடையாறு பக்கத்தில் உள்ள ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் 14 பிள்ளைகள் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து தினமும் வருகிறார்கள். குடும்பம் அங்கே மாற்றப்பட்ட பிறகும், பழகிய பள்ளியையும் ஆசிரியர்களையும் விட மனமில்லாமல் இங்கேயே தொடர்பவர்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லா வயதினரும் இருக்கிறார்கள். இதுவரை மாநகரப் பேருந்தில்தான் வந்தார்கள். சிறிய பிள்ளைகள் காலை நெரிசலில் ஏற முடியாமல் தவிப்பதால், பெற்றோர் சேர்ந்து ஒரு வேன் அமர்த்தலாம் என்று முடிவு செய்தோம்.

எட்டு இருக்கைகள் கொண்ட வெள்ளை போர்டு வேன் வைத்திருக்கும் ஒருவர், 14 பேரையும் ஒரே நடையில் கொண்டுவந்து விடுவதாகவும், தலைக்கு மாதம் 1,200 ரூபாய் போதும் என்றும் சொல்கிறார். மஞ்சள் போர்டு வண்டிக்காரர் 1,900 கேட்கிறார். 700 ரூபாய் வித்தியாசம் எங்களில் பலருக்குச் சிறிய தொகை அன்று. பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசு கொண்டுவந்த விதிகள் இப்படிப் பெற்றோர் அமர்த்தும் வண்டிக்கும் பொருந்துமா? வண்டியைப் பேசி முடிக்கும் முன் நாங்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் கூறினால் அடுத்த குழுக் கூட்டத்தில் வைக்க உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்

அம்மா, வெள்ளை போர்டு வண்டியை இன்றே மறுத்துவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசுவோம்.

காரணம் இது. எண் பலகை மஞ்சள் என்றால் வாடகைக்கு, வெள்ளை என்றால் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் பதிவு செய்யப்பட்ட வண்டி. (மாநகரப் பேருந்தில் வெள்ளை போர்டு என்றால் சாதாரணக் கட்டணம் என்று பழகிய நம் மக்களுக்கு, வேனில் அதற்கு வேறு பொருள் என்பது பல சமயம் உறைப்பதில்லை.) வாடகை வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற அதற்குப் பர்மிட் கிடையாது. பர்மிட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192அ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அது வண்டிக்காரர் பாடு என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இன்ஷூரன்ஸ் உங்கள் பாடு. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த பாலிசியில் வாடகைக்கு ஆள் ஏற்றுவது நிபந்தனை மீறல் என்பதால், விபத்து நடந்து இழப்பீடு கேட்டு நிற்கும்போது காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுத்துவைக்கும் வாதமே அதுவாக இருக்கும். 700 ரூபாய் எங்கே மிச்சமாகிறது என்பதை இதை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. 2012 ஜூலையில் முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்ததும், சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டதும், அதைத் தொடர்ந்து பள்ளிப் பேருந்துகளை ஒழுங்குபடுத்தும் சிறப்பு விதிகள் அதே ஆண்டில் வந்ததும் சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் சட்டத்தில் ‘கல்வி நிறுவனப் பேருந்து’ என்பதன் இலக்கணமே, பள்ளியோ கல்லூரியோ சொந்தமாக வைத்து, தன் மாணவர்களையும் பணியாளர்களையும் ஏற்றுவதற்கு மட்டும் பயன்படுத்தும் வண்டி என்பதுதான். உங்கள் பள்ளிக்கு வண்டி இல்லை. ஆகவே பெற்றோர் பேசி அமர்த்தும் வேன் சட்டத்தின் கண்ணுக்கு ஓர் ஒப்பந்த ஊர்தி, அதாவது மாக்சி கேப். கோடை விடுமுறையில் பள்ளி வாகனங்களை எல்லாம் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, போக்குவரத்து, காவல், கல்வி, வருவாய்த் துறையினர் சேர்ந்து தரையைத் தட்டிப் பார்த்து, அவசர வழிக் கதவைத் திறந்து பார்க்கும் கூட்டாய்வுக்கு இந்த வண்டி வராது. ஆய்வு செய்ய யாரும் வரமாட்டார்கள் என்பதால் அந்த வேலை உங்கள் குழுவின் தலையில் விழுகிறது.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். மாக்சி கேப் என்றாலே ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல், அதிகபட்சம் பன்னிரண்டு பேர்தான். ‘சின்னப் பிள்ளைகள்தானே, அரை டிக்கெட்’ என்று ஓட்டுநர் சொல்வார். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) எழுதியுள்ள இருக்கை எண்ணிக்கையை விட்டு நகராதீர்கள். இருக்கைகளுக்கு நடுவே பலகை போட்டு உட்காரவைக்கும் வண்டியானால் பேச்சையே நிறுத்திவிடலாம்.

காகிதங்களில் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பர்மிட், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று நான்கையும் பதிவு எண்ணை இட்டு எம்பரிவாகன் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வண்டிக்கு எட்டு வயது தாண்டியிருந்தால் எஃப்.சி. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். வாடகை வண்டி ஓட்ட உரிமத்தோடு தனியாக வாங்கும் பேட்ஜ் பற்றிப் பலரும் குழம்புகிறார்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட இலகுரக வண்டியை இலகுரக உரிமம் உள்ளவரே வாடகைக்கும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. எனவே பேட்ஜைக் காட்டிலும் அனுபவத்தைக் கேளுங்கள். 1997-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிப் பேருந்துகளுக்கு வகுத்த நெறிகள் ஐந்தாண்டு அனுபவம் கேட்கின்றன. அதிவேகத்துக்கோ குடித்து ஓட்டியதற்கோ ஒருமுறை பிடிபட்டிருந்தாலும் அந்த ஓட்டுநர் கூடாது என்கின்றன. சன்னலில் குறுக்குக் கம்பி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, நம்பகமான பூட்டுள்ள கதவு, உடன் வர ஓர் உதவியாளர் ஆகியவையும் அந்த நெறிகளில் உள்ளவையே. உங்கள் வண்டியைச் சட்டம் எந்தப் பெயரில் அழைத்தாலும் இந்தப் பட்டியலை வைத்துப் பாருங்கள்.

பதில் 2: பள்ளி வேன் ஓட்டுநர், வேளச்சேரி

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உதவியாளரைப் பட்டியலின் கடைசியில் வைத்துவிட்டார். என் அனுபவத்தில் அவர்தான் முதல். பதினேழு ஆண்டுகளாகப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறேன். சாலையில் ஓடும்போது எனக்கு வராத பயம், பிள்ளை இறங்கிய அடுத்த நிமிடத்தில் வரும். இறங்கியவன் தண்ணீர்ப் புட்டியை விட்டுவிட்டேன் என்று திரும்பி ஓடிவருவான். இன்னொருத்தி வண்டிக்கு முன்னால் குனிந்து செருப்பைச் சரிசெய்வாள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் இருவருமே தெரியமாட்டார்கள். 2022 மார்ச்சில் வளசரவாக்கம் பக்கத்தில் ஒரு மாணவன் பள்ளி வளாகத்துக்குள்ளேயே பள்ளி வாகனம் மோதி இறந்தான். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் கேமராவும் எச்சரிக்கை சென்சாரும் கட்டாயமாயின. வாடகை வேனில் அவற்றை எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஒருவர் கீழே இறங்கி நின்று, தலைகளை எண்ணி, கை காட்டிய பிறகே வண்டி நகர வேண்டும் என்பதை முதல் நாளே ஓட்டுநரிடம் பேசிவிடுங்கள்.

இன்னொன்று, சாலையின் எந்தப் பக்கத்தில் வீடோ பள்ளியோ இருக்கிறதோ அந்தப் பக்கத்திலேயே இறக்கச் சொல்லுங்கள். ராஜீவ் காந்தி சாலையில் எதிர்ப்புறம் இறக்கிவிட்டு ‘பார்த்துப் போங்கள்’ என்பதற்கு வேன் எதற்கு?

பதில் 3: பெயர் குறிப்பிட விரும்பாதவர்

எனக்கு இதில் வேறு கருத்து உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேருந்துப் பயணம் இலவசம். ஆண்டுத் தொடக்கத்தில் புதிய பாஸ் வரும் வரை சீருடையைப் பார்த்தே ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று அரசு ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கும் 2021 மே முதல் கட்டணம் இல்லை என்பதால், துணைக்கு ஒரு தாய் சென்று வருவதற்கும் செலவில்லை. இவ்வளவும் இருக்கும்போது மாதம் 1,900 ரூபாய் எதற்கு?

படிக்கட்டுப் பயணம் ஆபத்துதான், மறுக்கவில்லை. 2012 டிசம்பரில் பெருங்குடியில் படியில் தொங்கிய மாணவர்கள் நால்வர் லாரி உரசி இறந்ததை மறக்க முடியாது. படிக்கட்டில் ஆள் ஏற்றுவதும் பயணம் செய்வதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் அப்போதிருந்த வண்டிகள் வேறு. 2025-இல் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்தே கதவு மூடினால்தான் நகரும் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. பெரிய பிள்ளைகளையாவது அதில் அனுப்பலாமே.

பதில் 4: நடுநிலைப் பள்ளி ஆசிரியை

வேனோ பேருந்தோ, பள்ளிக்கு ஒரு பட்டியல் தேவை. எந்தப் பிள்ளை எதில் வருகிறது, மாலையில் யாரிடம் ஒப்படைக்க வேண்டும், பெற்றோர் அல்லாமல் வேறு யார் வந்தால் அனுப்பலாம் என்பதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வண்டி பெற்றோர் அமர்த்தியது என்றாலும் வாயிற்கதவு பள்ளியுடையது. வழக்கமான ஓட்டுநருக்குப் பதில் வேறொருவர் வரும் நாளில்தான் குழப்பம் வரும். மாற்று ஓட்டுநரின் பெயரும் உரிமமும் முன்பே குழுவிடம் இருக்கட்டும். ஓட்டுநர் குறித்துப் பிள்ளைகள் ஏதேனும் சொன்னால் அலட்சியம் வேண்டாம். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) ஆகிய இரு எண்களையும் அவர்களுக்கு மனப்பாடம் செய்வித்துவிடுங்கள்.

மழைக்காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே?

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. நேற்றைய கூட்டத்தில் இந்தப் பதில்களை வாசித்தேன். வெள்ளை போர்டு வண்டி வேண்டாம் என்பதில் ஒருவர் தவிர அனைவரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒருவருக்கு மூன்று பிள்ளைகள், அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவருடைய மூன்றாவது பிள்ளையின் பணத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரும் மாநகரப் பேருந்தில், ஒரு தாய் துணையுடன் வருவார்கள். மீதிப் பத்துப் பேர் பன்னிரண்டு இருக்கை மஞ்சள் போர்டு வேனில். பதினோராவது இருக்கை உதவிக்கு வரும் அம்மாவுக்கு. அந்த இருக்கைக்கும் பணம் வேண்டும் என்று வண்டிக்காரர் முதலில் சொன்னார், பிறகு விட்டுக்கொடுத்தார். செயலியில் பார்த்தபோது எஃப்.சி. அடுத்த மாதம் முடிவது தெரிந்தது. புதுப்பித்த சான்றைக் காட்டிய பிறகே முன்பணம் என்று சொல்லியிருக்கிறோம்.

ஆசிரியை கேட்ட மழைக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அடைமழையில் விடுமுறை அறிவிப்பு சில நாள் காலை ஆறு மணிக்கு மேல்தான் வருகிறது. எங்கள் வேன் ஆறே முக்காலுக்குப் புறப்பட்டாக வேண்டும். பாதி வழியில் திரும்ப நேர்ந்தால், வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்ட பெற்றோரின் பிள்ளைகளை யாரிடம் இறக்குவது? வேளச்சேரி ஓட்டுநர் அண்ணன், உங்கள் வண்டியில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுத முடியுமா?