டிரைவ் பெல்ட் நடுவழியில் அறுந்துவிட்டது, தற்காலிக பெல்ட்டில் 180 கி.மீ. ஓட்டலாமா?

வணக்கம். நேற்று மாலை ஹைவேயில் போகும்போது டிரைவ் பெல்ட் (செயினுக்குப் பதிலாக எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பல் வைத்த பெல்ட்) அறுந்து, இப்போது பைக்கோடு சாலையோர லாட்ஜில் இருக்கிறேன். 2013 மாடல் க்ரூஸர், 58,000 கி.மீ. ஓடியிருக்கிறது, வண்டியோடு வந்த அதே பெல்ட்.

நேற்று காலையில் ஜல்லி கொட்டிக் கிடந்த ஒரு சாலையில் வந்தேன். அப்புறம் மெதுவாகப் போகும்போதெல்லாம் பின்னால் சக்கரம் சுற்றும் வேகத்துக்கே டிக் டிக் என்று ஒரு சத்தம், வேகம் எடுத்தால் காற்றில் கேட்காது, நானும் விட்டுவிட்டேன், அங்கேதான் தப்பு செய்தேன். ஒரு லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை முறுக்கியதும் படாரென்றது, எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை.

அறுந்த இடத்தில் உள்நார் பிய்ந்து துடைப்பம் மாதிரி நிற்கிறது, பக்கத்தில் மூன்று பல் அடியோடு இல்லை. பின்பக்க புல்லியில் (பெல்ட் மாட்டி ஓடும் பல்சக்கரம்) ஒரு பல்லின் விளிம்பு பெயர்ந்திருக்கிறது, கல் மாட்டியிருக்க வேண்டும். கூர் போக அரத்தால் தேய்த்துவிட்டேன். முன் புல்லி கவரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தம். சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறது, கியரும் விழுகிறது.

புது பெல்ட் கிடைத்தாலும் இங்கே போட முடியாது, இந்த வண்டியில் ஸ்விங்ஆர்மை, அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் கையை, கழற்றினால்தான் முழு பெல்ட் உள்ளே போகும். வண்டியை ஏற்றிப்போக இரண்டு இடத்தில் கேட்டேன், மூன்று நாளாகுமாம். கையில் இருப்பது இரு முனையையும் ஊசி செருகி இணைக்கிற தற்காலிக பெல்ட் ஒன்றுதான்.

இப்படிப் பல் பெயர்ந்த புல்லியில் அந்தப் பெல்ட்டைப் போட்டு மெதுவாகவே ஓட்டினால் 180 கி.மீ. தாங்குமா?