கிளினிக் நாளுக்கு ஒரு வான் கிடைக்குமா?

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவு மாவட்டத்தில், பாண்டியன்குளத்துக்கு அப்பால் காட்டோரமாக இருக்கும் ஒரு சின்னக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கிளினிக்கில் மருந்தும் தடுப்பூசியும் இலவசம்தான், அங்கே போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. காலை பஸ்ஸை விட்டால் ஆட்டோதான். கூலி வேலை செய்யும் தாய்க்கு அது ஒருநாள் சம்பளம்.

போன கிழமை பக்கத்து வீட்டு அம்மம்மா, பேரனின் வளர்ச்சிப் பதிவேட்டைச் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். 9ஆம் மாதம் போட வேண்டிய எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பு) ஊசிக்கு நேரே கட்டம் வெறுமையாக இருந்தது. பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. "மழைக்கு ரோட்டு வெட்டிப்போட்டுது தம்பி, எப்படிப் போறது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரவில் காய்ச்சல் கூடினால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடலாம். ஆனால் சிக்னல் பிடிக்கக் குளக்கட்டில் ஏற வேண்டும்.

மாதத்தில் ஒரு கிளினிக் நாளுக்கு வான் தரக்கூடியவர்கள் இருக்கிறீர்களா? டீசலுக்கு நாங்கள் காசு சேர்ப்போம். அப்புறம், நடமாடும் கிளினிக் கேட்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கடிதம் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் எப்படி எழுதுவதென்று சொல்லுங்கள். எங்கள் சனசமூக நிலையக் கட்டடத்தை அதற்குத் தரலாம். உள்பெட்டியில் எழுதினாலும் சரி.